நீல்ஸ் போரின் அணுவைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது

ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் நீல்ஸ் போரின் அணுக்கொள்கையைச் சொல்லித்தர உட்கார்ந்தால், நடுவில் அணுக்கரு, சுற்றிலும் வட்டங்கள் என்று படம் வரைந்து தொடங்காதீர்கள். அந்தப் படம் மனத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு குவாண்டம் இயக்கவியல் வரும்போது காலை வாரிவிடும். நிறக்கோடுகளிலிருந்து தொடங்குங்கள்.

பழைய சிடி ஒன்று போதும். குழல்விளக்கு எரியும் இடமாகப் பார்த்து, பளபளக்கும் பக்கத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பச்சை, நீலம் எல்லாம் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பாதரசமும் உள்பூச்சில் உள்ள தனிமங்களும் தமக்குரிய நிறங்களைத்தான் விடும். எல்இடி விளக்கில் நிறங்கள் விட்டுவிடாமல் கலந்தே வரும். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஹைட்ரஜனுக்கு வாருங்கள். அதன் கோடுகள் 656, 486, 434 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுகின்றன. 1885இல் சுவிஸ் கணித ஆசிரியர் பாமர் இவற்றுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார், ஆனால் ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. 1913இல் போர் காரணம் சொன்னார்: எலெக்ட்ரானுக்குச் சில ஆற்றல் மட்டங்கள் மட்டுமே உண்டு, ஒன்றிலிருந்து இறங்கும்போது வித்தியாசம் ஒளியாக வெளியேறும். முன்பு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நிற்குமே, அதைச் சொன்னால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

இனி கணக்கைப் பிள்ளையே போடட்டும். மட்டம் n-இன் ஆற்றல் −13.6/n² எலெக்ட்ரான் வோல்ட். 3இலிருந்து 2க்கு இறங்கினால் 13.6 × (1/4 − 1/9), அதாவது 1.89. எலெக்ட்ரான் வோல்ட்டை நானோமீட்டராக மாற்ற உதவும் எண் 1240; அதை இதால் வகுத்தால் 656. தன் கையால் போட்ட கணக்கில் அந்தச் சிவப்புக் கோடு வந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்தத் துணைப்பாடக் குறிப்பும் தராது!

நேரம் இருந்தால் ஹீலியம் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், எனக்கு இதுதான் போரின் உண்மையான வெற்றி. ஹைட்ரஜனுடையவை என்று நம்பிய சில கோடுகள் ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்துடையவை என்றார் அவர். அப்படியானால் ஆற்றல் ஹைட்ரஜனுடையதைப் போல் சரியாக 4 மடங்கு இருக்க வேண்டும், ஆனால் அளவீட்டில் 4.0016 வருகிறதே என்று ஆங்கிலேய வானியலாளர் ஃபௌலர் மடக்கினார். அணுக்கருவும் கொஞ்சம் அசைகிறது என்பதைச் சேர்த்துப் போர் மறுபடி கணக்குப் போட்டார், 4.00163 வந்தது.

குறையையும் மறைக்காதீர்கள். இரண்டு எலெக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்துக்கே இந்தக் கணக்கு உதவவில்லை. 1925இல் ஹைசன்பர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் புதிய இயக்கவியலைக் கொண்டுவந்ததும் வட்டப்பாதைகள் போய்விட்டன, ஆற்றல் மட்டங்கள் நிலைத்தன. அதனால் விடை எழுதும்போது ‘எலெக்ட்ரான் வேறு வட்டத்துக்குத் தாவியது’ என்று எழுதாமல், எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு, எவ்வளவு ஆற்றல் வெளியானது என்று எழுத இப்போதே பழக்கிவிடுங்கள்.