பட்டினி கிடந்தால் குடலும் மந்தமாகும்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடையின்போது ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள்: "அக்கா, காலையில பிளாக் காபி, மதியம் வெள்ளரிக்கா, ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி. மூணு வாரத்துல ஆறு கிலோ போயிடுச்சு. மெட்டபாலிசம் சூப்பரா வேலை செய்யுது." எனக்கு வயிறு கலங்கியது. 16 வருடங்களுக்கு முன்பு இதே கணக்கை நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பலகாரத்தைக் குறை, தண்ணீர் குடி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். டயட்டீஷியனாக நான் அடிக்கடி பார்க்கும் மற்றத் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வயிற்றைக் காயப்போட்டு எடை குறைப்பது

கல்யாணத்துக்கு முன்பு 7 வாரத்தில் 12 கிலோ குறைத்தேன். உணவியல் படித்து முடித்து வேலையிலும் இருந்தேன்; தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மூன்றாவது வாரம் மலச்சிக்கல். ஐந்தாவது வாரம், சென்னை வெயிலிலும் கை கால் சில்லிட்டது. கல்யாண விருந்து சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. "கேஸ்தான்" என்று இஞ்சிச் சாறும் மாத்திரையுமாக இரண்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கற்கள். பித்தப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஆற்றலில் 60 முதல் 70 சதவீதம், அசையாமல் படுத்திருந்தாலும் உயிரோடிருக்கத் தேவைப்படுவது. சுமார் 10 சதவீதம் சாப்பிட்டதைச் செரிப்பதற்கே போகும். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் உடம்பு இரண்டையுமே சுருக்கிக்கொள்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில் 36 ஆண்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடை கால் பங்கு குறைந்தது. அடிப்படை வளர்சிதை மாற்றமோ, அதாவது சும்மா படுத்திருந்தாலும் ஆகும் அந்தச் செலவு, கிட்டத்தட்ட 40 சதவீதம் இறங்கியது. கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது.

குடலுக்கும் இதே கதிதான். காலை உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். வெறும் வயிற்றோடு இருந்தால் அந்தத் தூண்டுதல் இல்லை, மலமாகத் திரளவும் ஒன்றுமில்லை. பித்தப்பை பாடு இன்னும் மோசம். எடை வேகமாக இறங்கும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலைச் சேர்க்கிறது. பித்தப்பை சுருங்கிக் காலியாவதற்குச் சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். நான் எண்ணெயைத் தொடவே இல்லை. பித்தநீர் தேங்கிக் கல்லாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. அந்தப் பெண்ணோ வாரத்துக்கு 2 கிலோ குறைத்திருக்கிறாள்.

அவளை அங்கேயே மணலில் உட்காரவைத்துப் பேசினேன். காலையில் இட்லி, சாம்பார், நல்லெண்ணெய் விட்ட இட்லிப் பொடி. மதியம் அளவாகச் சோறு, பருப்பு, பொரியல், மோர், முடிந்தால் மீனோ முட்டையோ. புரதத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது, அதனால் புரதத்தைக் குறைக்கக் கூடாது. வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். வலது பக்க வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

பேதிப் பொடி

சாப்பாட்டின் ஆற்றலைப் பெரும்பாலும் சிறுகுடல் உறிஞ்சிவிடும். எடை குறைக்கச் சிலர் சாப்பிடும் நிலாவாரைப் பொடி என்ற பேதி மருந்து வேலை செய்வது அதற்கு அப்புறமிருக்கும் பெருங்குடலில். எடைமேடையில் குறைவது தண்ணீர்தான். கூடவே உடம்பிலிருந்து பொட்டாசியமும் போகிறது.

ஒரே நாளில் சிறுதானியத்துக்கு மாறுவது

திங்கட்கிழமை வரகு, செவ்வாய் தினை, புதன்கிழமை வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டு வருகிறார்கள். நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, பெருங்குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு வாயுவும் வரும். ஒரு வேளையில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள்.

வெந்நீரில் தேனும் எலுமிச்சையும்

குடிக்கலாம். கொழுப்பு கரையாது.

மலச்சிக்கல், அசதி, ஏறும் எடை

மூன்றும் சேர்ந்திருந்தால் டயட் சார்ட் கேட்டு என்னிடம் வருமுன் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் வளர்சிதை மாற்றமும் குடல் அசைவும் ஒன்றாக மந்தமாகும். அதற்கு மாத்திரை இருக்கிறது.