சமதளம்தானே என்று கிளம்பாதீர்கள்: பழவேற்காடு பக்கம் கிராவல் சைக்கிள் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் கிராவல் சைக்கிளில், அதாவது தார் போடாத வழியிலும் ஓடும் அகல டயர் சைக்கிளில், போகலாமா என்று கேட்டால், "அங்கே ஏற்றமே கிடையாதே, சுலபமாகப் போய் வந்துவிடலாம்" என்பார்கள். ஏற்றம் இல்லை என்பது உண்மைதான். எண்ணூர் கழிமுகத்தில் தொடங்கிப் பழவேற்காடு ஏரி வரைக்கும் நிலம் தாம்பாளம் போலக் கிடக்கிறது. ரயில்வே மேம்பாலமும் ஏரிக்கரையும்தான் இந்த வட்டாரத்தின் மலைகள். ஆனால் திருவொற்றியூரிலிருந்து பல வருடமாக இந்தப் பக்கம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் ஏற்றம் வாங்கும் வேலையை இங்கே காற்றும் மண்ணும் உப்பும் வாங்கிவிடும்.

காற்றைப் பார்க்காமல் கிளம்புவதுதான் பெரிய தவறு. ஐப்பசி முதல் தை வரைக்கும் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கே போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். தெம்பு இருக்கும்போது கஷ்டம், களைத்த பிறகு உதவி. இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. பங்குனி, சித்திரையில் அப்படியே தலைகீழ். விடியற்காலையில் தெற்கிலிருந்து வரும் காற்று நம்மை அலுங்காமல் வடக்கே கொண்டுபோய்விடும். இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்து இன்னும் பத்து கிலோமீட்டர் சேர்த்துப் போவோம். திரும்பும் நேரத்தில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும், தென்கிழக்கிலிருந்து கடல்காற்றும் எழுந்திருக்கும். உப்பளத்துக்கு நடுவே ஒதுங்க ஒரு மரம் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் காற்று வீசினால், உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் கூடுவதால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடை. அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்து 20-ஐ விடாமல் பிடிக்க நினைப்பவர்கள்தான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள், வேகம் 13-க்கு இறங்கினால் இறங்கட்டும். கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவர் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். காற்றின் திசை தெரிய செயலி இருக்கிறது, சரி. எனக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளே போதும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வழியை முடிவு செய்வேன். கோடையில் என் விதி ஒன்றுதான்: காலை எட்டு மணிக்குள் சைக்கிள் தெற்கே திரும்பியிருக்க வேண்டும்.

சமதளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறக்கம் இல்லாததால் கால் ஓய்வெடுக்காது, உடம்பும் ஒரே நிலையில் இருக்கும். மூன்று மணி நேரம் அப்படியே போனால் கை மரத்துப்போகும், உட்காரும் இடம் புண்ணாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், கைப்பிடியில் பிடிக்கும் இடத்தையும் மாற்றுங்கள்.

அடுத்தது மண். வெளிநாட்டு வீடியோவில் வரும் கிராவல் ஒன்று, நம் ஊரில் கிராவல் என்று சொல்வது வேறு. இங்கே கிராவல் என்றால் ஊராட்சிச் சாலைக்குக் கொட்டி உருளை விடும் செம்மண் சரளை. காய்ந்திருந்தால் அருமையான தரை, மேலே உதிரிக் கற்கள் திரண்டிருக்கும் வளைவில் மட்டும் வழுக்கும். அதைத் தவிர ஜல்லி பெயர்ந்த கப்பிச் சாலை, வயல்காட்டுக் களிமண், கடலோர மணல் என்று 30 கிலோமீட்டருக்குள் நாலு வகைத் தரை வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே காற்றழுத்தம் வைப்பதும், தார்ச் சாலைக்கு ஏற்றுவதுபோல டயரைக் கல்லாக்கிக்கொண்டு வருவதும் தவறு. 40 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆள், உள்ளே டியூப் என்றால் 40 பிஎஸ்ஐ பக்கம் வைத்துப் பாருங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

இதற்கென்று விலையுயர்ந்த சைக்கிள் வாங்கினால்தான் முடியும் என்று தள்ளிப்போடுவதையும் தவறு என்றே சொல்வேன். பால்காரரும் மீன்காரரும் ஓட்டிய பழைய 28 அங்குல சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரே கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர் அகலம். இந்த மண்ணில் அது எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறது.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கால்வாய்க் கரை, ஏரிக்கரை எங்கும் சீமைக் கருவேலம். வெட்டிப்போட்ட கிளை வழியில் கிடந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள். பஞ்சரானதும் டியூபை மாற்றிவிட்டு அவசரமாகக் கிளம்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முள்ளின் நுனி ரப்பருக்குள்ளேயே முறிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காட்டூர் தாண்டி ஒரு நாள் அப்படித்தான் புது டியூபும் அரை கிலோமீட்டரில் போனது, மீதி வழி முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு துணியைச் சுற்றித் தடவுங்கள், நுனி இருந்தால் துணியில் மாட்டும். டயருக்குள் சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றியிருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நம் வெயிலுக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து நிரப்ப வேண்டும். அப்புறம், உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

மழை விட்ட மறுநாளே வயல் வழியில் இறங்காதீர்கள். பொன்னேரி பக்கத்துக் களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாதபோது பலம் கொடுத்து மிதித்தால் பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் முறியும். குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகு அதே வழி கெட்டிப்பட்டுவிடும். வரப்பு மேல் ஓட்டுவதை எந்தக் காலத்திலும் செய்யக்கூடாது. வரப்பு உடைந்தால் போவது விவசாயியின் தண்ணீர்.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி என்று நிலம் ஒடுங்கிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும் நாட்களில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஏறலாம். மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திருக்கும்போது, படம் எடுக்க ஏரிச் சேற்றுக்குள் சைக்கிளை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே முழங்கால் ஆழத்துக்குச் சேறு. அதோடு, மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் மொத்தமாக எழுந்து பறக்கும். இரை தேட எத்தனையோ தூரத்திலிருந்து வந்தவை அவை. கரையிலேயே நின்று பார்த்தால் போதும்.

தண்ணீர் வழியில் கிடைக்கும் என்று ஒரே ஒரு பாட்டிலோடு வராதீர்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்து பல காலம் ஆகிறது. கைப்பம்பில் வருவது உவர்நீராக இருக்கலாம். மணிக்கு அரை லிட்டராவது குடிப்பீர்கள் என்று வைத்து எடுத்து வாருங்கள். மோரோ நுங்கோ கண்ணில் பட்டால் நின்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

குப்பங்களுக்குள் சாலையும் ஊரின் முற்றம்தான். வலை விரித்திருப்பார்கள், கருவாடு காயும். அறுவடைக் காலத்தில் பொன்னேரி பக்கம் சாலையில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாதீர்கள், இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். வலை நூல் கியரில் சிக்கினால் அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். நாய் துரத்தினாலும் இறங்கி, நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கிராவல் வழியைத் தொடுவதற்கு முன் மணலி, எண்ணூர் கன்டெய்னர் லாரிகளைக் கடந்தாக வேண்டும். இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். நிற்கும் டிரெய்லரின் இடது பக்கம் புகுந்து போகவே கூடாது, ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். ஆனால் உப்புக் காற்று செயினில் படிந்தது படிந்தபடி இருந்தால் மறுநாளே துரு தலைகாட்டும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அது மணலை இழுத்து ஒட்டவைத்துச் செயினைத் தேய்க்கும். வாட்டர் சர்வீஸில் வேகமாகப் பீய்ச்சியும் கழுவாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். மாதம் ஒருமுறை சீட் கம்பியை வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். எடுக்காமலே விட்டால் உப்பில் இறுகிப்போய், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.