இரும்புச்சத்து ஏற்றிய பிறகு வந்த எலும்பு வலி: என் அனுபவம்

ஹீமோகுளோபின் 7.6 ஆக இறங்கியிருந்தது; மாத்திரைகள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால், ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்னும் இரும்பு மருந்தை 1000 மில்லிகிராம் அளவில் டிரிப்ஸ் வழியாகக் கால் மணி நேரத்தில் ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் அளவு 10.4 ஆனது. ஆனால் சோர்வு குறையவில்லை. தொடையிலும் விலாவிலும் வலி தொடங்கி, மாடி ஏறும்போது கைப்பிடியைப் பற்றி உடலை மேலே இழுக்க வேண்டியதாயிற்று.

இரத்தம் இன்னும் போதவில்லை என்று எண்ணி அதே மருந்தை இரண்டாம் முறை ஏற்றிக்கொண்டதுதான் பெரிய பிழை, வலி கூடியது. கால்சியம், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் இயல்பாகவே இருந்தன.

எனக்கு எழுதித் தந்த சோதனைகள் எதிலும், எலும்புக்கும் தசைக்கும் தேவையான பாஸ்பேட் என்னும் தாதுவின் அளவு இடம்பெறவில்லை. சிறுநீரக மருத்துவர் ஒருவர் அதைத் தனியாகக் கேட்டு எழுதினார், 2.5க்குக் குறையாமல் இருக்க வேண்டியது 1.3 என்று வந்தது. இந்த மருந்து சிலருக்கு எஃப்ஜிஎஃப் 23 என்னும் ஹார்மோனை உயர்த்துவதாகவும், அதனால் சிறுநீரகம் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதாகவும் அவர் விளக்கினார். சோர்வு இரத்தசோகைக்கும் பொதுவான அறிகுறி என்பதால் இந்தப் பாஸ்பேட் குறைவு எளிதில் கண்ணில் படாமல் போகிறது.

அந்த மருந்தை நிறுத்தி, அவர் மேற்பார்வையில் வைட்டமின் டி எடுத்துக்கொண்டேன். ஏழு வாரத்தில் பாஸ்பேட் 2.7 ஆயிற்று. பின்னர்த் தேவைப்பட்ட இரும்பை அயர்ன் சுக்ரோஸ் என்னும் வேறு இரும்பு மருந்தாக, ஒரு முறைக்கு 200 மில்லிகிராம் வீதம் ஏற்றினார்கள். வலி திரும்பவில்லை, இப்போது கைப்பிடியைத் தொடாமல் படியேறுகிறேன்.