செம்பரா ஏரிக்குப் போகிறவர்களுக்கு: அட்டை கடித்தால் என்ன செய்வது?

வயநாட்டில் மேப்பாடி பக்கம் உள்ள செம்பரா மலையில், இதய வடிவ ஏரிவரை நடந்துபோவது அருமையான அனுபவம். வனத்துறை அனுமதி அவசியம். பாதையைச் சில சமயம் மூடியும் வைப்பார்கள், அதனால் விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

மழை ஈரம் இருந்தால் அட்டையும் இருக்கும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். சருகு, ஈரப்புல் மேல் உட்காரவே வேண்டாம்.

கடித்துவிட்டதா? பதறிப் பிய்த்து இழுக்காதீர்கள். எல்லோரும் உப்பைத்தான் தேடுவார்கள். ஒட்டியிருக்கும் அட்டைமேல் உப்போ நெருப்போ வைத்தால், வயிற்றில் உள்ளதை அது காயத்திலேயே கக்கிவிடலாம். அட்டையின் மெல்லிய முனைதான் பொதுவாக வாய். அதன் ஓரத்தில் தோலோடு ஒட்டி நகத்தை வைத்து, பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள், பிடி விட்டுவிடும். அப்புறம் தடித்த முனையையும் அப்படியே தள்ளி, சட்டென்று சுண்டிவிடுங்கள். தாமதித்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

அட்டையின் எச்சிலில் உள்ள ஒரு பொருள் ரத்தத்தை உறையவிடாது. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ரத்தம் கசியத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.