தேங்காய் துருவி இறுகினால் எந்த எண்ணெய் விடுவது?

தேங்காய் துருவியின் கைப்பிடி கிறீச்சிட ஆரம்பித்தால், வீட்டில் சட்டென்று கைக்குக் கிடைப்பது தையல் மிஷின் எண்ணெய் அல்லது டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே. தயவுசெய்து இரண்டையும் விடாதீர்கள். அந்த ஸ்பிரேயில் பெரும்பகுதி பெட்ரோலியக் கரைப்பான். அது ஆவியான பிறகும் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். தையல் மிஷின் எண்ணெய் தண்ணீர்போல் தெளிவாக இருந்தாலும் உணவில் படுவதற்காகத் தயாரித்ததல்ல. துருவியில் பல் இருக்கும் தலையும் சுழலும் தண்டும் ஒட்டியே இருப்பதால், விட்ட எண்ணெய் துருவலில்தான் இறங்கும்.

சமையல் எண்ணெய் விடலாமே என்றால், அதில் விஷம் இல்லை, ஆனால் நிற்காது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றுப்பட்டுப் பிசினாகும். அதில் தேங்காய்த் துகள் ஒட்டி, முன்பைவிட இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு பிசுக்காகாது, ஆனால் நாளானால் சிக்கு வாடை வரும். இடியாப்ப அச்சின் திருகுமரைக்குப் பிழிவதற்கு முன் ஒரு சொட்டுத் தடவி, அன்றே கழுவிவிடுவதென்றால் சமையல் எண்ணெய் தாராளமாகப் போதும்.

தங்கியிருக்கும் உயவுக்கு ஏற்றது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், அதாவது நன்கு சுத்திகரித்த மினரல் எண்ணெய். லேபிளில் 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தர நூலான இந்தியன் ஃபார்மகோபியா) என்று இருக்க வேண்டும். நிறம், மணம் எதுவும் இருக்கக்கூடாது. மலச்சிக்கலுக்கு விற்கும் பால்போன்ற சிரப்பிலும் இதே பெயர் இருக்கும், அதில் வேறு மருந்துகளும் கலந்திருப்பதால் அதை வாங்காதீர்கள். பேபி ஆயிலில் வாசனை சேர்த்திருப்பார்கள், அதுவும் வேண்டாம்.

துருவியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தண்டையும் அது நுழையும் துளையையும் தேயுங்கள். பெரும்பாலும் இறுக்கத்துக்குக் காரணம் காய்ந்த தேங்காய்ப்பால்தான், இதிலேயே சரியாகிவிடும். ஈரம் முழுதாகக் காய்ந்ததும் தண்டு துளைக்குள் நுழையும் இடத்தில் 2 சொட்டு பாரஃபின் விட்டு, பத்து முறை சுற்றி, வெளியே கசிவதை டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். பல்லில் படக்கூடாது. அடியிலுள்ள ரப்பரிலும் குக்கர் கேஸ்கட்டிலும் பாரஃபின் வேண்டாம், ரப்பர் உப்பிப்போகலாம்.

கிரீஸே தேவைப்பட்டால் டப்பாவில் 'எச்1' குறி இருக்கிறதா என்று பாருங்கள். தற்செயலாக உணவில் படக்கூடிய இடங்களுக்கான தரம் அது. அமெரிக்க விதிப்படி அத்தகைய மினரல் எண்ணெய்க்குக்கூட உணவில் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு) உச்சவரம்பு. 'எச்2' உணவே படாத இடங்களுக்கு மட்டும்.

மிக்ஸி ஜாரின் அடியில் கருப்பாகக் கசிந்தால் எந்த எண்ணெயும் பயன்படாது. பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஏற்கெனவே ஸ்பிரே அடித்திருந்தால், உலோகப் பாகங்களைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் கொண்டு இரண்டு முறை தேய்த்து அலசுங்கள். மரக் கைப்பிடி எண்ணெயை உறிஞ்சியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது, அதை மாற்றிவிடுங்கள்.