வாவிக்கரையில் வலசைக் குருவிக்கு வளையம் போடுவது: முதல்முறை உதவிக்கு வருபவர்களுக்கு

கச்சான் காற்று அடங்கும் புரட்டாதியில் வடக்கிலிருந்து குருவிகள் இறங்கத் தொடங்கும். அவற்றைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் போட்டு விடுவதற்கு, மாரி பிடிக்குமுன் உள்ள இடைவெளிதான் மட்டக்களப்பில் மெல்லிய நூல் வலை கட்ட நல்ல காலம். மழை தூறினாலே வலையை மூடிவிட வேண்டும். நனைந்த சிறு குருவி உடல் குளிர்ந்து செத்துப்போகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. அப்படியொரு குழுவோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வலை

வெளிச்சம் வருமுன் வலை திறந்திருக்க வேண்டும். கம்பு நடுவதை அங்கே பார்த்தாலே புரியும். இடம்தான் முக்கியம்: கண்டலுக்கும் வளவுப் பற்றைக்கும் நடுவே, பின்னால் இருண்ட செடிகள் இருக்கும்படி கட்டுங்கள். பின்னால் வானம் இருந்தால் குருவிக்கு வலை தெரிந்துவிடும். வலையின் ஒவ்வொரு தட்டும் (குறுக்கே ஓடும் இரு கயிறுகளுக்கு இடைப்பட்ட பகுதி) கீழே பைபோலத் தளர்ந்து தொங்கட்டும், குருவி அதற்குள்தான் விழும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி.

(பிறகு சேர்த்தது: முசுறு எறும்பு வலைக்கு ஏறாமல் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மிகச் சரியான கேள்வி. வலையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள், கீழ்த்தட்டு புல்லில் படக் கூடாது. சிக்கிய குருவியை முசுறு மொய்த்தால் அதற்குத் தப்ப வழியே இல்லை.)

வலையிலிருந்து எடுப்பது

என்னை அதிக காலம் திணறவைத்த படி இது. கை வைக்குமுன் பாருங்கள்: குருவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? வயிறும் வாலும் நூல் மறைக்காமல் தெரியும் பக்கம்தான் அது வந்த வழி. வெளியே எடுக்கவும் அதே வழிதான். மறுபக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கல் இறுகும்.

முதலில் கால்கள். குருவி நூலை இறுகப் பற்றியிருக்கும். தொடைக்கு அருகில் இரு விரலால் பிடித்துக்கொண்டு, நூலை நகங்களிலிருந்து வழித்துவிடுங்கள். மெல்லிய கீழ்க்காலை மட்டும் பிடித்தால் முறிந்துவிடும். அப்புறம் சிறகு மடிப்பு. கடைசியில் தலை: பிடரியிலிருந்து அலகை நோக்கி நூலைத் தள்ளுங்கள். வழி பிடிபடவில்லையா, உடனே அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். அவர் நூலை வெட்டச் சொன்னால் வெட்டுங்கள், வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

முதுகு உள்ளங்கையில் படும்படி, கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வையுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. சைபீரியா, மங்கோலியாப் பக்கம் கூடு கட்டிவிட்டு வரும் பழுப்புக் கீச்சான் நன்றாகக் கடிக்கும். கையை உதறாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைக்கு ஒரு குருவி. பழைய பருத்தி வேட்டியில், தையல் வெளிப்பக்கம் வரும்படி தைத்த பைதான் எனக்குப் பிடித்தது. நைலோன் பை வேண்டாம், காற்றுப் போகாது.

வளையமும் அளவும்

வளையத்துக்கென்றே துளை போட்ட குறடுதான் வேண்டும். சாதாரணக் குறட்டால் வளையம் கோணும், விளிம்பு ஏறிக் காலை அறுக்கும். மூடிய வளையம் காலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஓட வேண்டும். எண்ணைச் சத்தமாக வாசியுங்கள், எழுதுபவர் திருப்பிச் சொல்லட்டும். பேனையை விடப் பென்சில் நல்லது, பனியில் கரையாது.

ஏற்கனவே வளையம் உள்ள குருவி கிடைத்தால், எண்ணை இருவர் தனித்தனியே வாசித்துப் படமும் எடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியாவில் போட்ட வளையமாகவும் இருக்கலாம்.

அடுத்து அளப்பது சிறகு நீளம், எடை, அப்புறம் கொழுப்பு, அதாவது நெடும்பயணத்துக்குக் குருவி சேர்த்துவைக்கும் எரிபொருள். தொண்டைக்குக் கீழுள்ள குழியில் மெதுவாக ஊதினால் இறகு விலகும். கொழுப்பு இருந்தால் மஞ்சளாகத் தெரியும். வந்திறங்கிய நாட்களில் அந்தக் குழி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பங்குனியில், திரும்பிப் போகுமுன், அதே குழி நிரம்புவதைப் பார்க்கலாம். இந்த ஒரு குறிப்புக்காகவே நான் விடியப்புறம் எழும்புவேன்.

வாய் பிளந்து மூச்சு வாங்கினாலோ, கண் சொருகினாலோ அளவு எதுவும் வேண்டாம், வளையமும் வேண்டாம். நிழலில் விட்டுவிடுங்கள். தரையில் இரை தேடும் ஆறுமணிக் குருவியைப் பற்றையடியில் தரையிலேயே விடலாம்.

வெயில் ஏறிக் கடற்காற்று வலையை ஊதத் தொடங்கினால் மூடுங்கள். சுருட்டிய வலையை இடைக்கிடை துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றில் பிரிந்து இரவில் வௌவால் சிக்கும். மாடுகள் திரியும் இடமென்றால் கழற்றி எடுத்துக்கொண்டே போங்கள்.