இரண்டாவது திருட்டு வழக்கு என்றால் என்ன செய்வது?

தாராவியில் நம் பையன் யாராவது செல்போன் திருட்டில் மாட்டினால், முதலில் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கி எந்தப் பிரிவு என்று பாருங்கள். பெரும்பாலும் மராத்தியில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் திருட்டுப் பிரிவு 303(2) என்றால், முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை, அல்லது வெறும் அபராதம்கூட. அதே பிரிவில் மறுபடி தண்டனை என்றால் குறைந்தது 1 ஆண்டு கடுங்காவல், 5 ஆண்டு வரை போகலாம். பசிக்குத் திருடியவனா, தொழிலாகவே செய்பவனா என்று பார்த்து அந்த 1 ஆண்டுக்குக் கீழே குறைக்க அந்தப் பிரிவு நீதிபதிக்கு இடமே தரவில்லை. இது மாறியே ஆக வேண்டும்.

அதனால் "ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். அதுவும் தண்டனைக் கணக்குதான், அடுத்த வழக்கில் வந்து நிற்கும்.

அப்புறம், பழைய வழக்கு நிலுவையில் இருப்பது வேறு, தண்டனை ஆனது வேறு; தண்டனை ஆனால்தான் கணக்கில் வரும். பழைய வழக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். முதல் தண்டனை, பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, திருப்பியும் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான். இதை வக்கீல் மறக்காமல் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லையா? சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.